ரஸ்ட் நிரலை ராஸ்பெரி பைக்குக் கிராஸ் கம்பைல் செய்வது: லிங்கர் அமைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரஸ்ட் மொழி நிரலை, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையிலேயே கம்பைல் செய்யலாம் (இயந்திரம் ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றலாம்), தடையில்லை. ஆனால் நூறு கிரேட்டுகளை (ரஸ்டின் லைப்ரரிப் பொதிகளை) இழுக்கும் நிரல் என்றால் அந்தச் சின்னப் பலகைக்கு மூச்சு வாங்கும். 1 ஜிபி ரேம் உள்ள பலகையில் லிங்க் செய்யும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து பில்ட் பாதியில் நின்றுபோவதும் உண்டு. அதனால் வேகமான மடிக்கணினியில் பில்ட் செய்து, கிடைக்கும் பைனரியை மட்டும் பைக்கு அனுப்புவதுதான் வசதி. இப்படி ஒரு இயந்திரத்தில் இன்னொன்றுக்காகப் பில்ட் செய்வதே கிராஸ் கம்பைல்.

இதில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் கம்பைலர் அல்ல, கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைத்து ஓடும் கோப்பாக்கும் லிங்கர். ரஸ்ட் கம்பைலர் பிறவியிலேயே பல இயந்திரங்களுக்கும் கோட் எழுதத் தெரிந்தது. லிங்கரை மட்டும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். ‘ஏஆர்ச்64’ என்று வரும் இடத்திலெல்லாம் தொடக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்து இரண்டு முறை வரும். டெபியன் அல்லது உபுண்டு ஓடும் இன்டெல், ஏஎம்டி மடிக்கணினியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரே பில்டில் இரண்டு இயந்திரங்கள்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரஸ்டின் பில்ட் கருவி கார்கோ. நீங்கள் பைக்காகக் ‘கார்கோ பில்ட்’ அடிக்கும்போது, உருவாகும் எல்லாமே பைக்கானவை அல்ல. பில்ட்.ஆர்எஸ் என்ற பில்ட் ஸ்கிரிப்டுகள், ப்ராக் மேக்ரோக்கள் (கம்பைல் நேரத்தில் கோட் எழுதித் தருபவை) ஆகியவை பில்ட் நடக்கும்போதே உங்கள் மடிக்கணினியில் ஓட வேண்டியவை. ஆகவே அவை மடிக்கணினிக்கான லிங்கரால் இணைக்கப்பட வேண்டும். உங்கள் நிரலும் அதன் கிரேட்டுகளும் பைக்கான லிங்கரால் இணைக்கப்பட வேண்டும்.

அதாவது ஒரே கட்டளைக்குள் இரண்டு லிங்கர்கள் வேலை செய்கின்றன. “என் லிங்கர் இதுதான்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இரண்டில் ஒன்று உடையும். “இந்த டார்கெட்டுக்கு இந்த லிங்கர்” என்று டார்கெட்டோடு, அதாவது பில்ட் எந்த இயந்திரத்துக்கு என்ற பெயரோடு, கட்டியே சொல்ல வேண்டும்.

பில்ட்.ஆர்எஸ் எழுதுகிறவர்களுக்கும் இதே விதி. அந்தக் கோப்புக்குள் ‘சிஎஃப்ஜி’ மேக்ரோ வைத்து ‘டார்கெட் ஆர்ச்’ எது என்று கேட்டால், அது மடிக்கணினியைத்தான் சொல்லும், ஏனென்றால் அந்த ஸ்கிரிப்ட் ஓடுவது அங்கே. பையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கார்கோ தரும் ‘கார்கோ_சிஎஃப்ஜி_டார்கெட்_ஆர்ச்’ என்ற சூழல் மாறியைப் படிக்க வேண்டும். அதை அடிக்கும்போது எல்லாமே பெரிய எழுத்து.

படி 1: பலகை உண்மையில் எந்த வகை?

ராஸ்பெரி பை 3, 4, 5 மூன்றின் செயலியும் 64 பிட்தான். ஆனால் அதில் ஏற்றியிருக்கும் இயங்குதளம் 32 பிட்டாக இருக்கலாம். இங்கே ‘யூநேம்’ கட்டளையை ‘-எம்’ சேர்த்து அடித்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 2023 முதல் பை 4-இல் 32 பிட் இயங்குதளத்தோடும் 64 பிட் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இயல்பாக ஏறுகிறது. யூநேம் கெர்னலைத்தான் சொல்லும். எனவே ‘ஏஆர்ச்64’ என்று காட்டும். ஆனால் உள்ளே இருக்கும் லைப்ரரிகள் எல்லாம் 32 பிட்டாக இருக்கும்.

நம்ப வேண்டியது இன்னொரு கட்டளை: ‘டிபிகேஜி --ப்ரின்ட்-ஆர்கிடெக்சர்’. அது ‘ஆர்ம்64’ என்று சொன்னால் உங்கள் டார்கெட் ‘ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-குனு’. ‘ஆர்ம்ஹெச்எஃப்’ என்று சொன்னால் ‘ஆர்ம்வி7-அன்னோன்-லினக்ஸ்-குனுஇஏபிஐஹெச்எஃப்’.

பழைய பை 1, முதல் பை ஜீரோ வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றின் செயலி ஆர்ம்வி6. டெபியன் தரும் 32 பிட் கிராஸ் ஜிசிசி (சி கம்பைலர்) ஆர்ம்வி7-ஐ அடிப்படையாகக் கொண்டது. ரஸ்டில் ஆர்ம்வி6-க்கான டார்கெட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும், லிங்கர் கொண்டுவந்து சேர்க்கும் தொடக்கக் கோப்புகள் ஆர்ம்வி7-க்கானவை. நிரலை ஓட்டிய கணமே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும். அந்தப் பலகைகளுக்கு ஆர்ம்வி6-க்கென்று கட்டப்பட்ட தனி டூல்செயின் (கம்பைலர், லிங்கர், லைப்ரரித் தொகுப்பு) வேண்டும். இந்த வழிகாட்டியில் இனி 64 பிட்டை மட்டும் பார்ப்போம்.

படி 2: டார்கெட்டைச் சேர்த்து, பிழையை ஒருமுறை கண்ணால் பாருங்கள்

‘ரஸ்டப் டார்கெட் ஆட்’ என்று அடித்து டார்கெட் பெயரைக் கொடுங்கள். இது இறக்குவது அந்த இயந்திரத்துக்கான ரஸ்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மட்டும்தான். லிங்கர் அதில் வராது. பலர் இந்த இடத்தில்தான் “எல்லாம் வந்துவிட்டது” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது வேண்டுமென்றே, வேறெந்த அமைப்பும் செய்யாமல், ஒரு ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலை ‘கார்கோ பில்ட் --டார்கெட் ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-குனு’ என்று பில்ட் செய்யுங்கள். ‘சிசி’-யை (மடிக்கணினியின் சொந்த சி கம்பைலர் கட்டளை) வைத்து லிங்க் செய்தது தோற்றது என்று ஒரு நீண்ட பிழை வரும். அதன் வால் பகுதியில் இரண்டு துண்டுகளைத் தேடுங்கள்: ‘ரீலொகேஷன்ஸ் இன் ஜெனரிக் எல்ஃப், இஎம்: 183’ என்பது ஒன்று, ‘ஃபைல் இன் ராங் ஃபார்மட்’ என்பது இன்னொன்று.

எல்ஃப் என்பது லினக்ஸ் பைனரிகளின் கோப்பு வடிவம். எல்ஃப் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும் அது எந்த இயந்திரத்துக்கானது என்று ஒரு எண் இருக்கும். 183 என்பது 64 பிட் ஆர்ம். 40 என்றால் 32 பிட் ஆர்ம், 62 என்றால் எக்ஸ்86-64, 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ். ஆக அந்தப் பிழை சொல்வது இவ்வளவுதான்: கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது, 183 எண் போட்ட ஆப்ஜெக்ட் கோப்புகளைச் சரியாகவே கொடுத்தது, ஆனால் அவற்றை வாங்கிய லிங்கர் மடிக்கணினியின் சொந்த லிங்கர், அதற்கு 183 தெரியாது. இந்த எண்ணை அடையாளம் கண்டுகொள்ளப் பழகினால், மாதங்கள் கழித்து வேறொரு பிராஜெக்டில் இதே பிழை வரும்போது பத்து நொடியில் காரணம் தெரிந்துவிடும்.

படி 3: லிங்கரை நிறுவி, பெயர் சொல்லுங்கள்

‘ஜிசிசி-ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு’ என்ற பேக்கேஜை ஆப்ட் மூலம் நிறுவுங்கள். கூடவே 64 பிட் ஆர்முக்கான சி லைப்ரரியும் வந்துவிடும்.

அப்புறம் பிராஜெக்டின் வேர் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ‘.கார்கோ’ என்ற ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் ‘கான்ஃபிக்.டோமல்’ என்ற கோப்பில் இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

[டார்கெட்.ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-குனு]
லிங்கர் = "ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-ஜிசிசி"

முதல் வரியில் ‘அன்னோன்’ உண்டு, இரண்டாம் வரியில் இல்லை. முதலாவது ரஸ்ட் வைத்த பெயர், இரண்டாவது டெபியன் வைத்த பெயர். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதப்போய் பிழை வாங்குவது சகஜம். அதே பில்ட் கட்டளையை மறுபடி அடித்தால் இப்போது ஓடி முடியும்.

இந்தக் கோப்பைக் கிட்டில் சேர்த்துவிடுங்கள். கார்கோ இப்போதிருக்கும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிக்கொண்டு போய், கடைசியில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள பொதுக் கோப்பையும் படிக்கும். அருகில் இருப்பதன் சொல்தான் எடுபடும். லிங்கர் அமைப்பை ஹோம் ஃபோல்டரில் வைத்தால் உங்கள் இயந்திரத்தில் மட்டும் பில்ட் ஓடும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அரை நாளைத் தொலைப்பார்.

சிஐ (தானாகப் பில்ட் செய்யும் சர்வர்) போன்ற இடங்களில் கோப்பைத் தொடாமல் சொல்ல வேண்டுமானால் சூழல் மாறி உண்டு: ‘கார்கோ_டார்கெட்_’ என்று தொடங்கி, டார்கெட் பெயரில் ஹைபன்களை அண்டர்ஸ்கோராக மாற்றி, ‘_லிங்கர்’ என்று முடிக்க வேண்டும், முழுவதும் பெரிய எழுத்து. கோப்பில் உள்ளதைவிட இதற்கே முன்னுரிமை.

ஏன் ஜிசிசி, ஏன் எல்டி அல்ல?

லிங்கர் என்று கேட்கும் இடத்தில் கம்பைலரின் பெயரைக் கொடுக்கிறோமே என்ற கேள்வி எழ வேண்டும். உண்மையில் லிங்க் செய்யும் நிரல் ‘எல்டி’. ஜிசிசி இங்கே கம்பைலராக வேலை செய்யவில்லை. எல்டியைச் சரியான சாமான்களோடு கூப்பிடும் மேஸ்திரியாக நிற்கிறது.

அந்தச் சாமான்கள் என்னென்ன? உங்கள் ‘மெயின்’ ஓடுவதற்கு முன்னால் ஓடும் தொடக்கக் கோப்புகள், சி லைப்ரரி எங்கே இருக்கிறது என்ற பாதை, ஜிசிசியின் சொந்தத் துணை லைப்ரரி, நிரல் ஏறும்போது கெர்னல் கூப்பிட வேண்டிய டைனமிக் லோடரின் முகவரி. இவை ஒவ்வொன்றும் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும். ரஸ்ட் கம்பைலர் இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை, ஜிசிசியிடம் விட்டுவிடுகிறது.

‘ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-எல்டி’ என்று நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். பெயரின் முடிவைப் பார்த்தே ரஸ்ட்சி (ரஸ்ட் கம்பைலர்) “இது வெறும் லிங்கர்” என்று ஊகித்து, அதற்கேற்ற பாணியில் விருப்பங்களைக் கொடுக்கும். ஆனால் பாதைகளைச் சொல்ல ஆளில்லாததால் ‘-எல்சி’ கிடைக்கவில்லை, ‘-எல்ஜிசிசி_எஸ்’ கிடைக்கவில்லை என்று நிற்கும். அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்து ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். ஜிசிசி என்று ஒரே சொல்லை மாற்றினால் தீர்கிற விஷயம் அது.

லிங்க் வேகம் போதவில்லை என்றால் மேஸ்திரியை மாற்ற வேண்டாம், அவருக்குக் கீழே உள்ள ஆளை மட்டும் மாற்றுங்கள். அதே டார்கெட் பகுதியில் ‘ரஸ்ட்ஃப்ளாக்ஸ்’ என்ற வரியில் ‘-சி லிங்க்-ஆர்க்=-ஃப்யூஸ்-எல்டி=எல்எல்டி’ என்று சேர்த்தால் போதும். இதில் ‘-சி’ மட்டும் பெரிய எழுத்து. ‘ஃப்யூஸ்’ என்பது ‘எஃப்’ என்ற எழுத்தையும் ‘யூஸ்’ என்ற சொல்லையும் ஒட்டியது. எல்எல்டி என்பது எல்எல்விஎம் திட்டத்தின் லிங்கர். டெபியனில் எல்டி டார்கெட்டுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பைனரி; எல்எல்டி ஒரே பைனரியில் பல இயந்திரங்களையும் அறியும்.

படி 4: சி லைப்ரரி உள்ளே நுழைந்தால்

தூய ரஸ்ட் நிரல் என்றால் இதைத் தாண்டிப் போய்விடலாம். ஓபன்எஸ்எஸ்எல், லிப்யூடெவ் போன்ற சி லைப்ரரியைத் தேடும் கிரேட் இருந்தால் அது, லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘பிகேஜி-கான்ஃபிக்’ கருவியைக் கேட்கும், அது கிராஸ் கம்பைலுக்குத் தயாரில்லை என்று மறுக்கும்.

இணையத்தில் தேடினால் ‘பிகேஜி_கான்ஃபிக்_அலவ்_கிராஸ்’ என்ற மாறிக்கு 1 கொடுங்கள் என்று வரும். அது மட்டும் போதாது. மறுப்பு நிற்கும், அவ்வளவுதான். கருவி மடிக்கணினியின் லைப்ரரிப் பாதையையே கொடுத்துவிடும். லிங்கர் அங்கே போய்ப் பார்த்து, ‘ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, கடைசியில் லைப்ரரியே கிடைக்கவில்லை என்று முடிக்கும். கடைசி வரியை மட்டும் படித்தால் “நிறுவித்தானே இருக்கிறேன்” என்று குழம்புவீர்கள். மேலே உள்ள ‘ஸ்கிப்பிங்’ வரிதான் உண்மையைச் சொல்கிறது: லைப்ரரி இருக்கிறது, ஆனால் வேறு இயந்திரத்துக்கானது.

சரியான வழி, ஆர்ம்64 லைப்ரரியையே மடிக்கணினியில் நிறுவுவது. டெபியனில் ‘டிபிகேஜி --ஆட்-ஆர்கிடெக்சர் ஆர்ம்64’ அடித்து, ஆப்ட் பட்டியலைப் புதுப்பித்து, ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்:ஆர்ம்64’ என்று முக்காற்புள்ளியோடு கேளுங்கள். உபுண்டுவில் ஆர்ம் பேக்கேஜ்கள் ‘போர்ட்ஸ்’ என்ற தனி சர்வரில் இருப்பதால், சோர்ஸ் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டும். பிறகு ‘பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்’ என்ற மாறியை ‘/யுஎஸ்ஆர்/லிப்/ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு/பிகேஜிகான்ஃபிக்’ என்ற பாதைக்குத் திருப்பி, அதோடு அந்த ‘அலவ்_கிராஸ்’ மாறியையும் வையுங்கள். மாறிகளின் பெயர்கள் பெரிய எழுத்தில், பாதை சிறிய எழுத்தில்.

படி 5: அனுப்பும் முன் பைனரியை விசாரியுங்கள்

பில்ட் ஆன கோப்பு ‘டார்கெட்’ ஃபோல்டருக்குள், டார்கெட் பெயரிலேயே உள்ள ஃபோல்டரில் இருக்கும். ‘ஃபைல்’ கட்டளையில் அதைக் கொடுங்கள். ‘ஆர்ம் ஏஆர்ச்64’ என்றும், ‘இன்டர்ப்ரெட்டர் /லிப்/எல்டி-லினக்ஸ்-ஏஆர்ச்64.எஸ்ஓ.1’ என்றும் வர வேண்டும்.

அந்த இன்டர்ப்ரெட்டர் (டைனமிக் லோடர்) வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படி 1-இல் சொன்ன, 64 பிட் கெர்னலும் 32 பிட் லைப்ரரிகளும் உள்ள பையில் இந்தப் பைனரியை ஓட்டினால், ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். ‘எல்எஸ்’ அடித்தால் கோப்பு கண்முன்னே இருக்கும், அனுமதியும் சரியாக இருக்கும். அங்கே இல்லாதது உங்கள் கோப்பு அல்ல, அது தேடும் அந்த லோடர்.

படி 6: ஜிலிப்சி பதிப்பு, பையில் போய் வெடிக்கும் பிழை

எல்லாம் சரியாகச் செய்தும் பையில் ஓட்டும்போது ‘வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறதா? இதுவும் லிங்கர் செய்த வேலைதான்.

ஜிலிப்சி என்பது இந்த இயங்குதளங்களின் சி லைப்ரரி. அதன் பதிப்புகளைப் பாருங்கள். டெபியன் 11, உபுண்டு 20.04 இரண்டிலும் 2.31. உபுண்டு 22.04-இல் 2.35, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. பழைய ஜிலிப்சியில் லிங்க் ஆன நிரல் புதியதில் ஓடும். புதியதில் லிங்க் ஆனது பழையதில் ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை.

ரஸ்ட் கேட்பது ஜிலிப்சி 2.17 மட்டும்தான். அப்புறம் 2.34 எங்கிருந்து வந்தது? ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. லிங்க் செய்யும் நேரத்தில் லிங்கர் தன் முன்னால் இருக்கும் ஜிலிப்சியைப் பார்த்து, ஒவ்வொரு ஃபங்ஷனின் அன்றைய முத்திரையைப் பைனரிக்குள் பதித்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், த்ரெட் லைப்ரரியைத் தனியாக வைக்காமல் சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்தார்கள். நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புது முத்திரை கிடைத்தது. அதனால் 2.34-க்குப் பிந்தைய ஜிலிப்சியில் லிங்க் செய்தால், வெறும் ஹலோ வேர்ல்டும் 2.34 இல்லாமல் ஓடாது.

‘ஆப்ஜ்டம்ப்’ கட்டளையைப் பெரிய ‘-டி’ விருப்பத்தோடு (‘டேபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) ஓட்டி, ஜிலிப்சி என்று தேடினால் உங்கள் பைனரி கேட்கும் முத்திரைகள் எல்லாம் தெரியும். கிராஸ் பேக்கேஜோடு வந்த, ‘ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-’ என்று தொடங்கும் ஆப்ஜ்டம்ப்பைப் பயன்படுத்துங்கள். அதில் மிகப் பெரிய எண் எதுவோ, அதுவே பையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பதிப்பு.

தீர்வு மூன்று வகை. பையில் டெபியன் 11 அடிப்படையிலான இயங்குதளம் என்றால், டெபியன் 11 டாக்கர் கன்டெய்னருக்குள் கிராஸ் ஜிசிசியை நிறுவி அங்கே பில்ட் செய்வது ஒன்று. எனக்குப் பிடித்தது இதுதான். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, சி லைப்ரரிகளும் அதே காலத்தவையாகக் கிடைக்கும். இரண்டாவது, ‘கார்கோ-ஜிக்பில்ட்’. இது ஜிக் மொழியின் கருவியை லிங்கராக வைத்துக்கொள்கிறது. டார்கெட் பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைத்து 2.31 என்று சேர்த்தால், அந்தப் பதிப்புக்கே லிங்க் செய்து கொடுக்கும்.

மூன்றாவது, ஜிலிப்சியை விட்டே விலகி, மஸல் என்ற வேறொரு சி லைப்ரரிக்குப் போவது. ‘ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-மஸல்’ என்ற டார்கெட்டில் சி லைப்ரரி பைனரிக்குள்ளேயே அடங்கிவிடும், எந்தப் பதிப்பையும் வெளியே தேடாது. தொடக்கக் கோப்புகளும் மஸலும் ரஸ்டப் இறக்கும் பொட்டலத்திலேயே இருப்பதால், தூய ரஸ்ட் நிரலுக்கு ‘லிங்கர் = "ரஸ்ட்-எல்எல்டி"’ என்று எழுதினால் போதும், ஜிசிசியே வேண்டாம். மேஸ்திரி இல்லாமல் வெறும் லிங்கர் வேலைக்கு ஆகும் இடம் இது. ஆனால் பல த்ரெட்டுகள் ஓயாமல் நினைவகம் கேட்கும் நிரல் என்றால் மஸலின் ஒதுக்கீடு மந்தமானது. அங்கே வேறு அலொகேட்டர் கிரேட்டைச் சேர்ப்பது நல்லது.

ரஸ்ட்ஃப்ளாக்ஸ்: சத்தமில்லாமல் அழியும் அமைப்பு

இது நான் நேரில் பட்டது. ஒரு பிராஜெக்டில் சென்சார் லைப்ரரி ஒன்று பலகையின் ‘/ஆப்ட்’ ஃபோல்டருக்குள் இருந்தது. நிரல் ஓடும்போது அங்கே தேட வேண்டும் என்பதற்காக, கான்ஃபிக் கோப்பின் டார்கெட் பகுதியில் ரஸ்ட்ஃப்ளாக்ஸ் வரியில் ‘ஆர்பாத்’ விருப்பத்தை வைத்திருந்தோம். என் மடிக்கணினியில் பில்ட் செய்தால் பலகையில் ஓடும். சிஐயில் பில்ட் செய்தால் லைப்ரரி கிடைக்கவில்லை என்று விழும். அதே கோட், அதே கான்ஃபிக்.

இரண்டு பைனரிகளையும் ‘ரீட்எல்ஃப் -டி’ (‘டைனமிக்’ என்பதன் முதல் எழுத்து, சிறியது) வைத்து அருகருகே பார்த்தபோது, சிஐ பைனரியில் ‘ரன்பாத்’ வரியே இல்லை. யாரோ எச்சரிக்கைகளைப் பிழையாக்குவதற்காக சிஐயில் ரஸ்ட்ஃப்ளாக்ஸ் சூழல் மாறியை வைத்திருந்தார்கள். அந்த மாறி வந்தால் கார்கோ, கோப்பில் உள்ள ரஸ்ட்ஃப்ளாக்ஸைச் சேர்த்துக்கொள்ளாது, முழுதாக ஒதுக்கிவிடும். இதற்கு ஒரு எச்சரிக்கைகூட வராது.

அதனால் லிங்கர் பெயரை ஒருபோதும் ரஸ்ட்ஃப்ளாக்ஸுக்குள் வைக்காதீர்கள், அதற்கென உள்ள ‘லிங்கர்’ வரியிலேயே வையுங்கள். ரஸ்ட்ஃப்ளாக்ஸ் சூழல் மாறி அதைத் தொடாது. நிரலுக்கே உரிய லிங்க் விருப்பங்களை பில்ட்.ஆர்எஸ்ஸிலிருந்து ‘கார்கோ:ரஸ்ட்சி-லிங்க்-ஆர்க்=’ என்று அச்சிட்டுக் கொடுங்கள். நாங்கள் ஆர்பாத்தை அங்கேதான் மாற்றினோம். டார்கெட்டைச் சொல்லாமல் பில்ட் செய்தால் ரஸ்ட்ஃப்ளாக்ஸ் பில்ட் ஸ்கிரிப்டுகளுக்கும் சேர்ந்தே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு இயந்திரங்களின் எல்லை அங்கே கலைந்துவிடும்.

படி 7: மடிக்கணினியிலேயே டெஸ்ட்

வேறு இயந்திரத்தின் பைனரியை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரான ‘கியூஎமு-யூசர்’ பேக்கேஜை நிறுவி, லிங்கர் வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்:

ரன்னர் = "கியூஎமு-ஏஆர்ச்64 -எல் /யுஎஸ்ஆர்/ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு"

இதில் ‘-எல்’ பெரிய எழுத்து. இனி ‘கார்கோ டெஸ்ட்’ கட்டளையில் டார்கெட்டைச் சொன்னால், ஆர்ம் பைனரிகள் மடிக்கணினியிலேயே ஓடும். ஆனால் இங்கே ஓடுவது கிராஸ் பேக்கேஜின் ஜிலிப்சியோடு, பையினுடையதோடு அல்ல. ஆகவே படி 6-இன் சிக்கலை இது காட்டாது. ஜிபிஐஓ பின்களை (பலகையின் உள்ளீட்டு, வெளியீட்டு முனைகளை) தொடும் டெஸ்டுகளையும் ‘இக்னோர்’ என்று குறித்துவைத்து, பலகையிலேயே ஓட்டுங்கள்.